ஆப்பைத் தூக்கினால் கணக்கு போகாது: நம்ம தகவலைக் கேட்டு வாங்குவதும் அழிப்பதும்

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். "இன்னாப்பா இது, அந்த ஆப்ப தூக்கி ஆறு மாசம் ஆவுது, இன்னும் என் பேரச் சொல்லி லோன் வேணுமான்னு மெசேஜ் வருது?" ஆப்பைத் தூக்கினீர்கள் சரி, கணக்கை மூடினீர்களா என்று கேட்டேன். ரெண்டும் ஒண்ணுதானே என்றார்.

இல்லை. பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான். அன்இன்ஸ்டால் செய்தால் உங்கள் போனில் இடம் காலியாகும், அவ்வளவுதான். பெயர், நம்பர், வீட்டு முகவரி, பான் எண், எந்த ஊரில் நின்றுகொண்டு ஆப்பைத் திறந்தீர்கள் என்பது வரைக்கும் கம்பெனியின் சர்வரில் அப்படியே கிடக்கும். சாமானை எல்லாம் உள்ளேயே விட்டுவிட்டு வாடகை வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்த கதை.

முதலில் யாரிடமெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். மெயில் பெட்டியில் 'வெல்கம்', 'வெரிஃபை', 'ஓடிபி' என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள், மறந்தே போன பத்து இருபது கம்பெனிகள் எழுந்து வரும். அப்புறம் கூகுள் கணக்கு அமைப்புகளில், உங்கள் கணக்கோடு இணைந்திருக்கும் மற்ற ஆப்கள் எவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஒரு பேப்பரில் எழுதிக்கொள்வது நல்லது, நான் பழைய பால் கணக்கு நோட்டில் எழுதினேன்.

பட்டியல் கைக்கு வந்ததும் கை துறுதுறுக்கும், உடனே அழிக்கத் தோன்றும். வேண்டாம். முதலில் நகல் கேளுங்கள், அது வந்து சேர்ந்த பிறகு அழியுங்கள். வரிசை மாறினால் என்ன போகும் என்பதை நான் கூகுளில்தான் தெரிந்துகொண்டேன்.

கூகுளிடம் நகல் கேட்கும் இடம் 'கூகுள் டேக்அவுட்'. அப்படித் தேடி உள்ளே போனால் ஜிமெயில், போட்டோ, யூடியூப், மேப்ஸ் என்று நீளமான பட்டியல் வரும், எல்லாவற்றிலும் முன்கூட்டியே டிக் போட்டிருக்கும். மொத்தத்தையும் கேட்டால் ஐம்பது ஜிபி கூட வரலாம், அதனால் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு வேண்டியதை மட்டும் தேர்ந்தெடுங்கள். முக்கியமாக, நீங்கள் தேடியதும் பேசிக் கேட்டதும் பதிவாகிக் கிடக்கும் 'மை ஆக்டிவிட்டி'. சில மணி நேரத்திலோ சில நாளிலோ மெயிலில் ஒரு லிங்க் வரும், அது ஒரு வாரம் போலத்தான் உயிரோடு இருக்கும், அதற்குள் இறக்கிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் பல வருஷமாக ஒரே கணக்கைத்தான் போனில் போட்டிருந்தோம். எனக்கு வந்த ஜிப் ஃபைலைப் பிரித்தால் உள்ளே சின்னச் சின்ன ஒலித் துண்டுகள். ஒன்றைத் தட்டினேன், அப்பாவின் குரல். "ஓகே கூகுள், சித்தூர் பஸ் எத்தனை மணிக்கு?" அடுத்ததில், "இன்னைக்கு மழை வருமா?" தேதியைப் பார்த்தால் மே மாதம். வேலூரில் அக்னி நட்சத்திரத்தில் மழை கேட்கிற மனுஷன் அவர் ஒருத்தராகத்தான் இருப்பார். அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நகல் வாங்காமல் நேராக 'டெலிட்' அழுத்தியிருந்தால் அந்தக் குரல் இருந்ததே எனக்குத் தெரியாமல் போயிருக்கும்.

அந்தத் துண்டுகளை இரண்டு பென்டிரைவில் போட்டுவிட்டுத்தான் 'மை ஆக்டிவிட்டி' பக்கத்தில் எல்லாவற்றையும் அழித்தேன். அங்கேயே தானாக அழியும்படியும் வைக்கலாம்: 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று மூன்று தவணை உண்டு. 3 மாதம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குடி முழுகாது.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், அக்கவுண்ட், 'ரிக்வெஸ்ட் அக்கவுண்ட் இன்ஃபோ'. சுமார் மூன்று நாளில் அறிக்கை வரும், அதில் உங்கள் அரட்டைகள் இருக்காது, அதைத் தனியாக ஏற்றுமதி செய்துகொள்ள வேண்டும். சிம்மை மாற்றப் போகிறீர்கள் என்றால் பழைய எண்ணில் கணக்கை அழித்துவிட்டோ புது எண்ணுக்கு மாற்றிவிட்டோ சிம்மை விடுங்கள். அந்த எண் கொஞ்ச நாளில் வேறு யாருக்கோ போய்விடும்.

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' என்று ஒரே இடம்தான். அங்கே நகல் கேட்கலாம், கணக்கையும் நீக்கலாம். 'டீஆக்டிவேட்' என்றால் திரை போட்டு மறைப்பது, 'டெலிட்' என்றால்தான் நீக்குவது, இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் நிதானமாகப் படித்து அழுத்துங்கள். அழுத்தின பிறகும் 30 நாள் காத்திருப்பு உண்டு. அதற்குள் பழக்க தோஷத்தில் ஒரு தடவை உள்ளே போய் நீக்கத்தை ரத்து செய்துவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதன் பிறகும் சர்வரிலிருந்து முழுதாகப் போக 90 நாள் வரை ஆகலாம். நீங்கள் மற்றவர்களுக்கு அனுப்பிய செய்திகள் அவர்கள் பெட்டியில் இருக்கத்தான் செய்யும். பேஸ்புக் வழியாக நுழைந்த வேறு ஆப்கள் இருந்தால் முதலில் அவற்றுக்கு வேறு லாகின் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

கூப்பிடுகிறவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் ஆப்பில் உங்கள் எண்ணுக்கு "பிளம்பர் காட்பாடி" மாதிரி ஏதாவது பெயர் காட்டுகிறதா? கணக்கு இருந்தால் அதை முதலில் மூடிவிட்டு, அவர்கள் தளத்தில் 'அன்லிஸ்ட்' (பட்டியலிலிருந்து எடு) பக்கத்தில் +91 போட்டு எண்ணைக் கொடுங்கள்.

இனி ஏற்கெனவே தூக்கிவிட்ட ஆப்கள். இதற்காக மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டாம். ஆப்பில் கணக்கு திறக்க விடுகிறவர்கள் கணக்கை நீக்கவும் வழி வைக்க வேண்டும் என்பது ஆப்பிள், கூகுள் இரண்டு கடைகளிலும் இப்போது விதி. பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் 'டேட்டா சேஃப்டி' பகுதியைத் திறந்தால் நீக்கக் கோரும் லிங்க் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பிரைவசி பாலிசியின் அடியில் குறைதீர் அதிகாரியின் மெயில் முகவரி இருக்கும், அதற்கு எழுதுங்கள். அண்ணனுக்கு நான் எழுதிக்கொடுத்தது ஏறக்குறைய இப்படி:

"இந்த மெயிலிலும் இந்த மொபைல் எண்ணிலும் உங்களிடம் எனக்குக் கணக்கு இருக்கிறது. என்னைப் பற்றி என்னென்ன தகவல் வைத்திருக்கிறீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். பிறகு கணக்கையும் தகவலையும் நீக்கவும். விளம்பரத்துக்குப் பயன்படுத்த நான் தந்த ஒப்புதலை இன்றோடு திரும்பப் பெறுகிறேன். எதையாவது சட்டப்படி வைத்திருக்க வேண்டுமென்றால் அது எது, எந்தச் சட்டம், எவ்வளவு காலம் என்று குறிப்பிடவும்."

கடைசி வரிதான் முக்கியம், "முடியாது" என்று ஒரே வார்த்தையில் தப்பிக்க விடாது. பதிவு செய்த மெயிலிலிருந்தே அனுப்புங்கள். அடையாளம் கேட்டால் முழு ஆதாரை அனுப்பாதீர்கள். நம்ம ஊரில் லாட்ஜில் ரூம் எடுக்க, சிம் வாங்க என்று ஆதார் ஜெராக்ஸ் கொடுத்துக் கொடுத்துப் பழகிவிட்டது. ஆதார் தளத்திலேயே 'மாஸ்க்டு ஆதார்' இறக்கலாம், கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும். தகவலை அழிக்கப் போய்ப் புதிதாக ஒரு தகவலைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது இல்லையா.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பாவில் 2018 முதல் ஒரு சட்டம் இருக்கிறது, ஒருவர் தன் தகவலைக் கேட்டால் கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆம்பூர் ஷூ அங்கே போகிறது, அந்தச் சட்டம் இங்கே வராது. ஆனால் அங்கே வைக்க வேண்டியிருந்த பட்டனைப் பல பெரிய கம்பெனிகள் நமக்கும் சேர்த்தே வைத்துவிட்டன. நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பிரிவு 11 தகவலைக் கேட்கும் உரிமை, பிரிவு 12 திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமை. இவை 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் அமலுக்கு வருகின்றன. அப்புறம் கம்பெனி 90 நாளுக்குள் குறையைத் தீர்க்க வேண்டும், தீர்க்காவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகலாம். பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

அழியாததும் உண்டு. வங்கிக் கணக்கை மூடினாலும் கேஒய்சி (நம் அடையாளம், முகவரிக்காகக் கொடுத்த) ஆவணங்களை 5 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அதற்காக மேனேஜரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வாங்கிய கடனின் விவரமும், கடன் கணக்கைச் சேர்த்து வைக்கும் சிபில் மாதிரி இடங்களில் நிற்கும், தப்பாக இருந்தால் திருத்தக் கேட்கலாம், சரியாக இருந்தால் அழிக்க முடியாது. கடன் ஆப்களைப் பொறுத்தவரை, உங்கள் காண்டாக்ட், போட்டோ, கால் பட்டியல் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. மீறினால் கம்பெனியிடம் எழுதுங்கள், பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் புகார் தளம். மிரட்டல் வந்து பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அனுப்பிய தேதி, வந்த பதில், புகார் எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். முதல் மெயிலுக்குத் தானியங்கி பதில்தான் வரும், பத்து நாள் கழித்து அதே மெயிலின் கீழேயே மறுபடி எழுதுங்கள், புது மெயில் போட்டால் கதையை முதலிலிருந்து கேட்பார்கள்.

அண்ணனுக்கு மூன்றாவது மெயிலில் கணக்கு நீக்கப்பட்டதாகப் பதில் வந்தது. சந்தோஷத்தில் ஒரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். நான்கு நாள் கழித்து மறுபடி போனை நீட்டிக்கொண்டு வந்தார், அதே கம்பெனி நடத்தும் இன்னொரு ஆப்பிலிருந்து மெசேஜ். நோட்டை எடுத்து, பட்டியலில் அடுத்த வரியில் அதையும் எழுதினேன்.