மதுரையில் முதல் தனி வீடு: கணக்கில் கோட்டை விடும் இடங்கள்

உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வேலைக்காக மதுரைக்கு வந்து, முதல் முறையாகத் தனி வீடு எடுப்பவர்கள் பலரும் போடும் கணக்கு ஒன்றுதான். சம்பளத்தில் வாடகையைக் கழி, சாப்பாட்டைக் கழி, மிச்சம் கையில். மாதாமாதம் வரும் செலவுக்கு இது சரி. ஆளைக் கவிழ்ப்பது மாதாமாதம் வராத செலவுகள்.

முதலில் அட்வான்ஸ். வாடகை 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் ஐந்து மாத அட்வான்ஸ் கேட்டால் 35,000. முதல் மாத வாடகை 7,000. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. ஆக, பால் காய்ச்சுவதற்கு முன்பே 49,000 காலி. 22,000 சம்பளக்காரருக்கு இது இரண்டு மாதச் சம்பளத்தையும் தாண்டுகிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம். வாசலில் நின்று சட்டம் பேசினால் வீடு கிடைக்காது என்பது வேறு விஷயம். "மூணு மாசம்னா இப்பவே தந்துர்றேண்ணே" என்று கேட்டுப் பார்க்கலாம், படியவும் செய்யும்.

அந்தப் பணம் முழுசாகத் திரும்பி வரும் என்று நம்புவது அடுத்த தவறு. காலி செய்யும்போது பெயிண்ட் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வது பல இடங்களில் வழக்கம். எவ்வளவு பிடிப்பார்கள் என்று முன்பே கேட்டு அக்ரிமென்டில் எழுத வையுங்கள். குடியேறும் நாளிலேயே சுவர்க் கறை, ஒழுகும் குழாய், விரிசல் விட்ட வாஷ்பேசின் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், முதல் மாதம் ஏதோ மிச்சம் பிடித்த மாதிரி இருக்கும். அதை நம்பிச் செலவு செய்தால் அடுத்த மாதம் இடிக்கும். இன்னொன்று, 100 யூனிட் இலவசம் என்பது மின் இணைப்புக்குத்தான், குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் இல்லை. மாடியும் கீழ் வீடும் ஒரே இணைப்பில் ஓடி, உங்களுக்கு சப்-மீட்டர் மட்டும் இருந்தால் ஓனர் சொல்வதுதான் யூனிட் ரேட். வீடு பார்க்கப் போகிறவர்கள் டைல்ஸைப் பார்க்கிறார்கள், மீட்டர் பெட்டியைப் பார்ப்பதில்லை. தனி மீட்டரா, மோட்டார் யார் கணக்கில் ஓடுகிறது, குடிதண்ணீர் குழாயில் வருமா அல்லது கேன்தானா என்பதையெல்லாம் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.

14.2 கிலோ கேஸ் இணைப்புக்கு டெபாசிட் 2,200, ரெகுலேட்டருக்கு 250. உள்ளே இருக்கும் கேஸுக்கான விலையும் அடுப்பும் தனி. ஒரு வருடத்தில் ஊர் மாறக்கூடியவருக்கு 5 கிலோ சிலிண்டர் போதும். கிலோவுக்குப் பார்த்தால் விலை கூடுதல்தான், ஆனால் முகவரிச் சான்று கேட்க மாட்டார்கள். பாத்திரத்துக்குக் கடைக்குப் போகாதீர்கள். எந்தக் கல்யாணத்திலோ வந்து, யார் பெயரோ வெட்டிய எவர்சில்வர் உங்கள் வீட்டுப் பரணிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

மதுரையின் ஒரு கோடியில் இருக்கும் கப்பலூரில் வேலை பார்த்துக்கொண்டு, வாடகை குறைவென்று மறு கோடியில் ஒத்தக்கடையில் வீடு பிடிப்பதும் நடக்கிறது. குறைந்த ஆயிரத்தைப் பெட்ரோல் பங்க்கில் கொடுத்துவிடுவீர்கள். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ் இலவசம் என்றாலும், ராத்திரி ஷிப்ட் முடியும் நேரத்துக்கு பஸ் இருக்கிறதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம் மொய். எந்தப் பட்ஜெட்டிலும் நான் பார்க்காத செலவு, நம் பக்கத்தில் தப்பிக்கவே முடியாத செலவு. தனி வீடு எடுத்துவிட்டால் பத்திரிகை உங்கள் பெயருக்கே வரும். "அப்பா எழுதிட்டாரு மாமா" என்பது இனிமேல் எடுபடாது. தையிலும் ஆவணியிலும் கல்யாணமும் காதுகுத்தும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். ஊருக்குப் போகும்போது வீட்டு மொய் நோட்டைப் புரட்டி, இந்த வருடம் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அதில் உங்கள் பங்கு எது என்று அப்பாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.