இரவுக் காவலுக்கு ரோச் வாங்கும்போது விடுகிற பிழைகள்

வன்னியில் ரோச், கரண்ட் போகும் நேரத்துக்கு மட்டும் தேவைப்படுகிற சாமான் அல்ல. காலபோக நெல் கதிர் தள்ளினால் விடியும்வரை காவல். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டோரக் காணிகளில் யானை வரும், பன்றி வரும். வரம்பில் புடையன் கிடக்கும். அப்படியிருந்தும் பெட்டியில் பெரிதாகப் போட்ட லுமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களே அதிகம்.

லுமென் என்பது ரோச் வெளிவிடும் மொத்த வெளிச்சம். அது எவ்வளவு தூரம் போய்ச் சேரும் என்பதைக் கண்டெலா சொல்லும். கண்டெலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் தூரம் மீற்றரில் வரும்: 10,000 கண்டெலாவுக்கு 200 மீற்றர், 40,000க்கு 400. தூரம் இரட்டிக்க வேண்டுமென்றால் கண்டெலா நாலு மடங்காக வேண்டும். பெட்டியில் போடுகிற தூரம், வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறைகிற இடம்; ஏறத்தாழ முழுநிலவு அளவு. அந்த வெளிச்சத்தில் பற்றையோரம் நிற்பது யானையா எருமையா என்று பிரித்தறிய ஏலாது. ஆகவே பாதியையே கணக்கில் எடுங்கள். காடு 150 மீற்றரில் என்றால் 300 மீற்றர் போட்ட ரோச் வேண்டும். அது யானையைக் கலைப்பதற்கல்ல, தூரத்திலேயே கண்டு விலகுவதற்கு.

தூரம் மட்டும் பார்ப்பதும் பிழைதான். தூரம் அடிக்கிற ரோச்சின் வெளிச்சம் ஒடுங்கியது, காலடியில் கிடக்கிற பாம்பு அதில் தப்பிவிடும். வரம்பில் நடக்க 100, 200 லுமெனில் அகலப் பரவுகிற தலைரோச் ஒன்றைத் தனியாக வைத்திருப்பதே நல்லது.

அதிகம் ஏமாறுவது பற்றரியில். ரோச்சுக்குப் போடுகிற சார்ஜ் பண்ணும் லித்தியம் பற்றரியின் பெயரே அதன் அளவு: 18650 என்றால் 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம். நல்லது 3,500 மில்லி அம்பியர் மணி அளவு தாங்கும். 21700 அதைவிடத் தடிப்பு, 5,000 அளவு தாங்கும். 18650இல் 9,900 என்று எழுதியிருந்தால் அது பொய், வாங்க வேண்டாம். தராசில் வையுங்கள்: நல்ல 18650 ஏறக்குறைய 45 முதல் 50 கிராம் இருக்கும். 30 கிராம்தான் காட்டினால் உள்ளே சரக்கு இல்லை.

5,000 மில்லி அம்பியர் மணியை 3.6 வோல்ற்றால் பெருக்கினால் 18 வாற் மணித்தியாலம். ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 100 லுமென் என்று வைத்தால், 1,000 லுமெனுக்கு 10 வாற் போகும்; ஒன்றரை மணித்தியாலம் கடந்ததும் பற்றரி இறங்கிவிடும். 100 லுமெனில் வைத்தால் விடியும்வரை நிற்கும். ஒற்றைப் பற்றரியில் 10,000 லுமென் என்பவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். உண்மையிலேயே நல்ல ரோச்சும் உச்ச வெளிச்சத்தில் சில நிமிடங்களில் சுட்டுத் தானாக மங்கும். பெட்டியில் போடுகிற மணித்தியாலமும், வெளிச்சம் தொடக்கத்தின் பத்திலொன்றாகக் குறையும்வரை அளந்தது.

இரண்டு மூன்று பற்றரி போடுகிற ரோச்சில் பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். பலவீனமானது அளவுக்கு மேல் இறங்கிச் சூடேறும், தீப்பிடிக்கவும் கூடும். மேலதிகப் பற்றரியைச் சில்லறையோடும் திறப்போடும் சட்டைப்பையில் போடாமல் பிளாஸ்ரிக் பெட்டியில் வையுங்கள். தண்ணீர் எவ்வளவு தாங்கும் என்பதைப் பெட்டியில் உள்ள ஐபிஎக்ஸ் எண் சொல்லும். மாரிக்கு ஐபிஎக்ஸ்4 தூறலுக்குப் போதும். வாய்க்காலில் விழக்கூடிய இடமென்றால் ஐபிஎக்ஸ்8 பார்த்து எடுங்கள்.