நியூஜெர்சியில் வீடு கைமாறும் முன்

நியூஜெர்சியில் ஒன்று அல்லது இரண்டு குடும்பங்கள் வசிக்கும் வீட்டை விற்றாலும் சரி, புதிதாக வாடகைக்கு விட்டாலும் சரி, ஆள் குடியேறும் முன் தீயணைப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும் புகை அலாரம் இருக்கணும். படுக்கையறைக்கு 10 அடிக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரமும். 2019 முதல், பேட்டரியில் மட்டும் ஓடும் புகை அலாரம் என்றால் 10 ஆண்டு உழைக்கும் பேட்டரியை உள்ளேயே சீல் செய்த வகைதான் செல்லும்.

பலர் கோட்டை விடுவது தீயணைப்பானில்தான். சமையலறைக்கு 10 அடிக்குள், கண்ணில் படும்படி சுவரில் மாட்டுங்கள்; சிங்க்குக்கு அடியில் ஒளித்து வைத்தால் தேறாது. வாங்கிய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், கேட்பார்கள்.

விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டால் கட்டணம் ஏறும். சில ஊர்களில் வீடு குடியேறத் தகுந்தது என்று தரும் குடியிருப்புச் சான்றிதழ் (Certificate of Occupancy) தனி, நகராட்சியில் விசாரித்துவிடுங்கள்.