ஆளில்லாத இங்கிலாந்து கிராம ஸ்டேஷன்: செய்யக்கூடாத தவறுகள்

இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸெட்டரிலிருந்து பார்ன்ஸ்டேபிள் போகும் டார்க்கா லைனில் போர்ட்ஸ்மவுத் ஆர்ம்ஸ் என்றொரு ஸ்டேஷன் இருக்கிறது. டிக்கெட் கவுண்டர் இல்லை, ஊழியர்கள் இல்லை. ரயிலும் கேட்டால்தான் நிற்கும். இதை 'ரிக்வெஸ்ட் ஸ்டாப்' என்பார்கள்.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான். பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், யாரும் ஏறவில்லை போலிருக்கிறது என்று டிரைவர் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். ரயில் கண்ணில் பட்டதுமே எழுந்து, விளிம்பை விட்டுத் தள்ளி, டிரைவருக்குத் தெரியும்படி நின்று கையை நன்றாக நீட்டுங்கள். பிரேக் பிடிக்க அவருக்குத் தூரம் வேண்டும்; கடைசி நொடியில் கையாட்டிப் பயனில்லை. இறங்குகிறவர்கள் ரயில் ஏறியதுமே கார்டிடம் (ரயிலில் வரும் ஊழியர்) ஊர்ப் பெயரைச் சொல்லிவிட வேண்டும். பிளாட்பாரம் குட்டையாக இருந்தால் எந்தக் கதவு திறக்கும் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

கை நீட்டினால் எந்த ரயிலும் நிற்கும் என்று நம்பிவிடவும் கூடாது. கால அட்டவணையில் அந்த ஸ்டேஷனுக்கு நேரம் குறித்திருக்கும் ரயில் மட்டுமே நிற்கும். மற்றவை கடந்து போய்விடும். போர்ட்ஸ்மவுத் ஆர்ம்ஸில் இருப்பது ஒரே பிளாட்பாரம், இரு திசை ரயில்களும் அதில்தான் வரும். அதனால் ஏறுமுன் ரயிலின் முகப்பில் எழுதியிருக்கும் ஊரைப் பாருங்கள்.

பெயரை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. இந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்தது பக்கத்திலிருந்த மதுக்கடை. போர்ட்ஸ்மவுத் துறைமுக நகரமோ ஏறக்குறைய 200 கிலோமீட்டருக்கு அப்பால். டென்ட் ஸ்டேஷனும் இப்படித்தான் ஏமாற்றும். வட இங்கிலாந்தின் செட்டில்–கார்லைல் ரயில் பாதையிலுள்ள அது, சுமார் 350 மீட்டர் உயரத்தில், இங்கிலாந்தின் மெயின்லைன் ஸ்டேஷன்களிலேயே உயரமானது. டென்ட் கிராமம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டருக்கும் மேல், கீழே பள்ளத்தாக்கில். நடந்துவிடலாம் என்று மூட்டைமுடிச்சோடு இறங்காதீர்கள். வண்டிக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கேட்க ஆளில்லையே என்று டிக்கெட் வாங்காமல் போவதை என்னால் ஏற்கவே முடியாது. டிக்கெட் வாங்க வசதியே இல்லாத ஸ்டேஷன் என்றால் ரயிலில் கார்டிடம் வாங்கலாம். ரெயில்கார்டு (கட்டணத் தள்ளுபடி அட்டை) சலுகையும் கிடைக்கும். ஆனால் ஸ்டேஷனில் டிக்கெட் மெஷின் வேலை செய்தும் வாங்காமல் ஏறினால், அபராத விதி உள்ள பாதைகளில் கட்டணத்தோடு 100 பவுண்டு கேட்பார்கள் (21 நாளுக்குள் கட்டினால் 50). அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. ஒரு ஸ்டேஷனை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற ஆண்டுக் கணக்கு பெரும்பாலும் டிக்கெட் விற்பனையை வைத்தே போடப்படுகிறது. டிக்கெட் வாங்காதவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். 1963இல், ரயில்வேயின் நஷ்டத்தைக் குறைக்க வந்த பீச்சிங் அறிக்கை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டேஷன்களை மூடச் சொன்னது. அந்த அலையில் தப்பிப் பிழைத்த போர்ட்ஸ்மவுத் ஆர்ம்ஸ் போன்ற சின்ன ஸ்டேஷன்களுக்கு நாம் வாங்கும் ஒவ்வொரு டிக்கெட்டும் சாட்சி.

திரும்பும் ரயிலின் நேரத்தை வீட்டிலேயே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு அட்டவணை வேறு. சில பாதைகளில் அன்று ரயில்கள் மிகக் குறைவு. பள்ளத்தாக்குகளில் போன் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் உள்ளூர் டாக்ஸி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள்.