கிளைக்கோசிலேஷனா, கிளைக்கேஷனா? எதை எங்கே எழுதுவது

சென்னையில் சுகருக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ரிப்போர்ட் வாங்குகிறவர்களுக்கு ஹெச்பிஏ1சி, அதாவது ரத்தத்தின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிற டெஸ்ட், பழகிப்போன பெயர். அதன் பக்கத்தில் சில லேப்களில் ‘கிளைக்கேட்டட் ஹீமோகுளோபின்’ என்று அச்சாகியிருக்கும், சிலவற்றில் ‘கிளைக்கோசிலேட்டட் ஹீமோகுளோபின்’ என்று இருக்கும். டெஸ்ட் ஒன்றுதான், இரண்டாவது தடவை எடுக்கத் தேவையில்லை. ஆனால் பயோகெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைகள் இந்த இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றிப் போட்டால் பரீட்சையில் மார்க் போகும், தரமணிப் பக்கம் பயோடெக் கம்பெனி இன்டர்வியூவில் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்கள்.

கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: புரதத்தில் சர்க்கரையை ஒட்டவைத்தது என்சைமா? ஆமாம் என்றால் கிளைக்கோசிலேஷன். என்சைம் இல்லாமல் தானே போய் ஒட்டிக்கொண்டது என்றால் கிளைக்கேஷன்.

முதலில் கிளைக்கோசிலேஷன். இது செல் வேண்டுமென்றே செய்கிற வேலை, பெரும்பாலும் செல்லுக்குள் இருக்கிற எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம், கோல்கி என்ற உறுப்புகளில் நடக்கிறது. சர்க்கரை புரதத்திலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனில் ஏறினால் ‘என்-லிங்க்டு’, செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜனில் ஏறினால் ‘ஓ-லிங்க்டு’. என்-லிங்க்டு வகையில் 14 சர்க்கரைகள் கோத்த ஒரு சங்கிலி மொத்தமாக ஒரே தடவையில் புரதத்துக்கு மாற்றப்படும், அப்புறம்தான் அதை வெட்டித் திருத்துகிற வேலை. அந்தச் சங்கிலி ஏறுகிற இடத்துக்குப் புரதத்தில் ஒரு அமினோ அமில வரிசையும் உண்டு: அஸ்பராஜின், அடுத்து புரோலின் தவிர எதுவானாலும் சரி, அதற்கடுத்து செரினோ திரியோனினோ. இந்த வரிசை இருக்கிறது என்பதாலேயே அங்கே சர்க்கரை ஏறியிருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். சோதித்துப் பார்க்கும்வரை அது ‘ஏறக்கூடிய இடம்’ மட்டும்தான்.

கிளைக்கோசிலேஷன் என்பது நடக்கிற செயலின் பெயர். ஒட்டிய சர்க்கரைச் சங்கிலிக்கு கிளைக்கான் என்று பெயர், அது ஒட்டியபின் கிடைக்கிற புரதம் கிளைக்கோபுரோட்டீன், ஒட்டவைக்கிற என்சைம் கிளைக்கோசில்டிரான்ஸ்ஃபரேஸ். ‘இந்தப் புரதத்தில் மூன்று கிளைக்கோசிலேஷன் இருக்கிறது’ என்று எழுதாமல் ‘மூன்று இடங்களில் கிளைக்கோசிலேஷன் நடந்திருக்கிறது’ என்று எழுதுங்கள்.

உதாரணம் வேண்டுமென்றால் எரித்ரோபொயட்டினைச் சொல்லுங்கள், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ரத்தம் ஊற ஊசியாகப் போடுவார்களே, அதுதான். மூன்று இடத்தில் என்-லிங்க்டு, ஒரு இடத்தில் ஓ-லிங்க்டு, எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சர்க்கரையே. அந்தச் சங்கிலிகளின் நுனியில் இருக்கிற சியாலிக் அமிலத்தை எடுத்துவிட்டால் கல்லீரல் மருந்தைச் சீக்கிரம் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் இதை, இந்தச் சங்கிலிகளைப் போடத் தெரியாத ஈகோலை பாக்டீரியாவில் செய்யாமல் பாலூட்டிகளின் செல்லில் வளர்க்கிறார்கள். இன்சுலினில் இப்படிச் சர்க்கரை எதுவும் கிடையாது, அதை ஈகோலையிலேயே செய்துவிடலாம். நம்முடைய ஏ, பி, ஓ ரத்தப் பிரிவுகூட கிளைக்கோசிலேஷன்தான்: ஒரே அடிப்படைச் சங்கிலியின் நுனியில் என்-அசிட்டைல் கேலக்டோசமைன் ஏறினால் ஏ, கேலக்டோஸ் ஏறினால் பி, இரண்டும் ஏறாவிட்டால் ஓ. எந்தச் சர்க்கரை என்று தெரிந்தால் அந்தப் பெயரையே போடுவது இன்னும் நல்லது. சியாலிக் அமிலம் என்றால் சியாலிலேஷன், ஃபியூகோஸ் என்றால் ஃபியூகோசிலேஷன்.

கிளைக்கேஷன் வேறு கதை. இங்கே ஆளும் இல்லை, திட்டமும் இல்லை. குளுக்கோஸ் எவ்வளவு அதிகமோ, எவ்வளவு நாள் கூடவே கிடக்கிறதோ அவ்வளவு ஒட்டும். தோசைக்கல்லில் தோசை பொன்னிறமாக முறுகுவதும் இதே வேதிவினைக் குடும்பம்தான். 1912இல் பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் மெயார்டு இதைப் பற்றி எழுதினார். தோசைக்குச் சூடு இருக்கிறது, நிமிடத்தில் முடிந்துவிடும். உடம்பில் வாரக்கணக்கில் நடக்கும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் முதலாவதாக நிற்கிற வாலின் என்ற அமினோ அமிலத்தில் குளுக்கோஸ் ஒட்டுகிறது, முதலில் பிரியக்கூடிய பிணைப்பாக, அப்புறம் நிலைத்த பிணைப்பாக. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்வதால்தான் ஹெச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தைக் காட்டுகிறது.

அப்படியானால் ‘கிளைக்கோசிலேட்டட் ஹீமோகுளோபின்’ எங்கிருந்து வந்தது? சர்க்கரை நோயாளிகளிடம் இந்த ஹீமோகுளோபின் அதிகம் இருப்பதை 1960களின் கடைசியில் ஈரான் விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர் கண்டார். ஆரம்பகாலக் கட்டுரைகள் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பயன்படுத்தின. பின்னால் என்சைம் இல்லாததற்குக் கிளைக்கேஷன் என்று பிரித்தார்கள், பழைய பெயர் ரிப்போர்ட் படிவங்களில் தங்கிவிட்டது. நீங்கள் எழுதும்போது ‘கிளைக்கேட்டட்’ என்றே எழுதுங்கள்.

ரிப்போர்ட்டில் 6.5 சதவீதம் என்றாலும் 48 மில்லிமோல்/மோல் என்றாலும் ஒன்றுதான், சர்க்கரை நோய் என்று சொல்கிற எல்லை அது. 7 சதவீதம் என்றால் சராசரி குளுக்கோஸ் சுமார் 154 மில்லிகிராம்/டெசிலிட்டர். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எண் கூடுதலாகக் காட்டலாம், சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிகிற நோய் இருந்தாலோ சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ குறைவாகக் காட்டலாம். இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

லேபில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று. என்-லிங்க்டு கிளைக்கோசிலேஷன்தானா என்று சந்தேகம் வந்தால் என்-லிங்க்டு சங்கிலியை வெட்டுகிற பிஎன்கேஸ் எஃப் (PNGase F) என்சைமோடு புரதத்தை வைத்துவிட்டு ஜெல்லில் ஓட்டுங்கள். பேண்டு கீழே இறங்கினால் சங்கிலி வெட்டுப்பட்டிருக்கிறது, அதை ‘டீகிளைக்கோசிலேஷன்’ என்று எழுதலாம். இறங்கவில்லை என்பதற்காகச் சர்க்கரையே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம், ஓ-லிங்க்டாக இருந்தால் இந்த என்சைம் அதைத் தொடாது.