கார் ஷெட் சுவரில் புதிய பிளக் பாயிண்ட்: முதலில் எர்த், பிறகுதான் சாக்கெட்

ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் வந்த பிறகு, கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் அந்த வண்டி இல்லாத தெருவே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் வீடுகள் பழையவை. கார் ஷெட்டில் ஒரு பல்பு பாயிண்ட் இருந்தாலே பெரிது. அதனால் ஹாலில் இருந்து ஜன்னல் கம்பி வழியாக எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இழுத்துப் போட்டு இரவு முழுக்க சார்ஜ் ஏற்றுகிறார்கள். ஜன்னல் கதவு ஒயரை நசுக்குகிறது, பெட்டி தரையில் கிடக்கிறது, மழைச் சாரலும் அடிக்கிறது. இதை மாற்றத்தான் இந்தச் செய்முறை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் புதிய வயரிங் போடுவதை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரிக்கல் கான்ட்ராக்டர் மூலமாகத்தான் செய்ய வேண்டும் என்பது விதி. எனவே இடம் பார்ப்பது, கணக்குப் போடுவது, சுவரில் பைப்பும் பெட்டியும் பொருத்துவது நம் கை வேலை. டி.பி. பெட்டியை (வீட்டின் எல்லா லைன்களும் பிரியும் பெட்டி) திறந்து லைன் கொடுப்பதும், கடைசியில் சோதிப்பதும் ஒயர்மேன் வேலை. தொடங்கும் முன்பே அவரைக் கூப்பிட்டு இடத்தைக் காட்டிப் பேசிவிடுங்கள்.

நம் ஊர் மண்ணும் எர்த்தும்

கடப்பாரை போட்டால் மூன்றடியில் பாறை தட்டும் ஊர் நம்முடையது. கிணறு வெட்டியவர்களுக்கு அது தெரியும். கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கப் பைப் புதைக்கும் எர்த் குழிக்கும் அதே சிக்கல்தான். காய்ந்த பாறை நிலம் கரண்ட்டை எளிதில் உள்வாங்காது.

இதனால் என்ன ஆகும் என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். கார் கழுவும் பம்பின் உள்ளே பேஸ் ஒயர் (கரண்ட் வரும் ஒயர்) கழன்று அதன் இரும்பு உடம்பில் பட்டுவிட்டது. அந்தக் கரண்ட் எர்த் ஒயர் வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். குழியின் தடை 20 ஓம் என்றால், 230 வோல்ட்டை 20 ஆல் வகுக்க, 11.5 ஆம்பியர்தான் ஓடும். லோடு மீறினால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் ஸ்விட்ச்தான் எம்.சி.பி. 16 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது சாதாரண லோடு, விழவே விழாது. எம்.சி.பி. இருக்கிறது, எர்த் ஒயரும் இருக்கிறது, ஆனாலும் பம்பின் உடம்பில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று அதைத் தொடுபவர் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். திரும்புவது 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே விழுந்துவிடும். மேலே சொன்ன அதே மோசமான குழியோடு, அதே பம்புக்கு, இது கண் இமைக்கும் நேரத்தில் லைனை நிறுத்தும். உங்கள் டி.பி. பெட்டியில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் முதல் செலவு அதுதான். சாக்கெட் அடுத்த மாதம்கூட வைக்கலாம்.

அதற்காக எர்த்தை விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேண்டும். குழி எடுக்க வீட்டைச் சுற்றி எப்போதும் ஈரம் நிற்கும் இடத்தைத் தேடுங்கள்: துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், தென்னை மரத்துக்குத் தண்ணீர் பாயும் பக்கம். ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) என்றால் இரண்டரை மீட்டர் நீளம் இறங்க வேண்டும். பாறை விடாத இடத்தில் ஒயர்மேனிடம் சொல்லி, தள்ளித் தள்ளி இரண்டு குழிகள் எடுத்து ஒன்றாக இணைக்கச் சொல்லலாம். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

சிலர் எர்த் இல்லாத வீட்டில் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் பல்பு எரியும், எல்லாம் சரி போலத் தெரியும். ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால், ஒரு கோளாறும் இல்லாத வண்டியின் உடம்பில்கூட 230 வோல்ட் வந்து நிற்கும். அப்படிச் செய்ய யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எவ்வளவு லோடு?

ஷெட்டில் என்னென்ன ஓடும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்கூட்டர் சார்ஜர் பெரும்பாலும் ஒரு கிலோவாட்டுக்குள் அடங்கும். டிரில்லிங் மெஷின் 600 வாட் சுமார். கார் கழுவும் பிரஷர் வாஷர் 1,500 வாட்டைத் தாண்டும், அதாவது ஆறரை ஆம்பியர். ஆகவே அது 6 ஆம்ப் சின்ன சாக்கெட்டுக்கு ஆகாது. ஷெட்டில் வைப்பதெல்லாம் 6/16 ஆம்ப் சாக்கெட்டாகவே இருக்கட்டும். இரண்டு வகை பிளக்கும் அதில் நுழையும்.

ஒரு 16 ஆம்ப் லைன் தாங்குவது சுமார் 3,680 வாட். அந்த ஒரே லைனில் இரண்டு சாக்கெட் வைக்கலாம், ஆனால் வாஷரும் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது. எலக்ட்ரிக் கார் வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்கு மட்டும் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் ஒயர். காரின் சார்ஜர் 14, 15 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். அதை வேறெதோடும் சேர்க்கக் கூடாது. உங்கள் மின் இணைப்பின் லோடு எவ்வளவு என்பதையும் பார்த்து, போதாது என்றால் இ.பி. அலுவலகத்தில் கூடுதல் லோடுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

வாங்க வேண்டியவை

எல்லாவற்றிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர்: பேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை, மூன்றும் ஒரே அளவு. எர்த்துக்கு மட்டும் மெல்லிய ஒயர் போதும் என்று கடைக்காரர் சொன்னால் கேட்காதீர்கள். 90 மீட்டர் காயில் முழுதாக வேண்டாம் என்றால் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடைகள் இருக்கின்றன. அளவெடுத்த நீளத்தோடு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அடி கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் 16 ஆம்ப் 'சி' வகை எம்.சி.பி. ஒன்று. கம்ப்ரஸர் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும்; 'பி' வகை அதற்கே விழுந்துவிடும். இவற்றோடு முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப், பெண்ட், கிளாம்ப், சுவர்ப் பெட்டி, பிளேட், 16 ஆம்ப் ஸ்விட்ச், சாக்கெட். சாரல் படும் சுவர் என்றால் மூடி போட்ட வெளிப்புறப் பெட்டி.

இடம் குறிப்பது

தரையில் இருந்து நாலடி உயரத்தில் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையை ஒட்டித்தான் தேங்கும். பிளக்கைப் பிடுங்கும்போது வரும் சின்னப் பொறி அந்த ஆவிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. வண்டி கழுவும் தண்ணீரும் அந்த உயரத்துக்குத் தெறிப்பது குறைவு. குழாயில் இருந்தும் தள்ளியே இருக்கட்டும். சார்ஜர் ஒயர் தொங்காமல், நடக்கும் வழியில் குறுக்கே போகாமல் வண்டியை எட்ட வேண்டும். அதனால் வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்திவிட்டு சுவரில் பென்சிலால் குறியுங்கள்.

பைப்பும் பெட்டியும்

செங்கல் சுவர் என்றால் கட்டரால் காடி வெட்டிப் பைப்பைப் புதைக்கலாம். ஆனால் நம் பக்கம் ஷெட்டுகள் பெரும்பாலும் ஹாலோ பிளாக். அதை வெட்டினால் கல்லின் மெல்லிய முகம் உடைந்து ஓட்டை விழும், சுவரும் பலம் இழக்கும். அங்கே பைப்பை வெளியில் தெரியும்படி கிளாம்ப் அடித்துக் கொண்டு போவதே நல்லது. பார்வைக்குச் சற்றுக் குறைவுதான், ஆனால் நாளை கூடுதலாக ஒரு சாக்கெட் வைப்பதும் சுலபம். கல் பலகை நட்ட சுவராக இருந்தாலும் இதே வழிதான்.

பைப்பை நேராகவும் செங்குத்தாகவும் மட்டும் கொண்டு போங்கள். சாய்வாகப் போனால் பின்னாளில் ஆணி அடிப்பவருக்கு அது எங்கே ஓடுகிறது என்று தெரியாது. சுமார் இரண்டடிக்கு ஒரு கிளாம்ப். வளைவில் பெண்ட் போடுங்கள். பெட்டியை ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பொருத்துங்கள். வெளிச்சுவரில் பைப் பெட்டிக்குக் கீழிருந்து நுழையட்டும், மேலிருந்து நுழைந்தால் மழைத் தண்ணீர் அதன் வழியே உள்ளே இறங்கும்.

ஷெட் வீட்டோடு ஒட்டாமல் தனியாக இருந்தால் ஆர்மர்டு கேபிள் (இரும்புக் கவசம் போட்ட கேபிள்) வேண்டும். மண்ணில் புதைக்க இரண்டரை அடி ஆழம் தேவை. பாறை விடவில்லை என்றால் காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கிளாம்ப் அடித்துக் கொண்டு வரலாம். அரையடி ஆழத்தில் புதைத்து மண் மூடுவது மட்டும் கூடாது, மண்வெட்டி ஒரு நாள் அதைத் தேடி வரும்.

ஒயர் இழுப்பதும் இணைப்பதும்

மெயின் ஸ்விட்சை அணைத்தாகிவிட்டது, இனி பயமில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை அணைத்த மறு நொடி அது கரண்ட் கட் என்று நினைத்து, தன் லைன்களுக்குக் கரண்ட் கொடுக்கத் தொடங்கும். அதையும் அணையுங்கள். அடுத்தது டெஸ்டர். மெயினை அணைக்கும் முன்பே கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் வைத்து அது எரிகிறதா என்று பாருங்கள், எல்லாம் அணைத்த பிறகு வேலை செய்யும் இடத்தில். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, கரண்ட் இல்லாத ஒயரிலும் டெஸ்டர் எரியாது. இரண்டையும் பிரித்தறிய இது ஒன்றே வழி. மெயினில் யாரும் கை வைக்காதபடி வீட்டில் சொல்லி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள்.

ஸ்பிரிங் ஒயரைப் பைப்புக்குள் விட்டு மூன்று ஒயரையும் சேர்த்து இழுங்கள். பைப்புக்குள் ஒட்டு இருக்கவே கூடாது.

இனி ஒயர்மேன் பக்கத்தில் இருக்கும்போது சாக்கெட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்னால் பார்த்தால் மேலே பெரிய துளை எர்த், வலது பேஸ், இடது நியூட்ரல். திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் வலது இடமாகிவிடும், புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். பின்னால் எல், என், ஈ என்று ஆங்கில எழுத்துகள் பதித்திருக்கும். அதை மட்டும் நம்புங்கள். சிவப்பு ஒயர் ஸ்விட்ச் வழியாக எல்லுக்கு, கறுப்பு நேராக என்னுக்கு, பச்சை ஈக்கு. ஒயரின் தோலை ஸ்க்ரூ பிடிக்கும் அளவுக்கு மட்டும் உரித்து, இழைகளை முறுக்கி, ஓர் இழைகூட வெளியே நீட்டாமல் நுழைத்து இறுக்குங்கள். பிறகு ஒவ்வொரு ஒயரையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். சார்ஜ் ஏறும் சாக்கெட் கருகுவதற்கு இந்தத் தளர்ந்த ஸ்க்ரூவே பெரும்பாலும் காரணம்.

டி.பி.யில் பேஸ் புதிய எம்.சி.பி.க்கும், நியூட்ரல் ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால் உள்ள நியூட்ரல் பாருக்கும் (ஒயர்கள் சேரும் உலோகப் பட்டை), பச்சை எர்த் பாருக்கும் போக வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று ஷெட் பல்பின் நியூட்ரலை எடுத்து இணைத்தால், அது ஆர்.சி.சி.பி.யில் வராத லைனாக இருந்துவிட்டால், சாக்கெட்டைப் போடும்போதெல்லாம் ஆர்.சி.சி.பி. விழும்.

சோதனை

பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 230 காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம். மீட்டர் மிகக் குறைந்த கரண்ட் எடுப்பதால் மோசமான குழியிலும் அது அப்படியே காட்டும். எர்த் டெஸ்டர் உள்ள ஒயர்மேனிடம் குழியின் ஓம் அளவைக் கேட்டு, டி.பி. கதவின் உட்பக்கம் தேதியோடு எழுதி வையுங்கள். கூடவே புதிய எம்.சி.பி.க்குக் கீழே 'கார் ஷெட்' என்றும் எழுதுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். விழவில்லை என்றால் மாற்றுங்கள். மாதம் ஒரு முறை அதை அழுத்துவது வழக்கமாகட்டும். அது ஆர்.சி.சி.பி.யை மட்டும் சோதிக்கிறது, குழியை அல்ல.

முதல் முறை ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்டு அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் கை வையுங்கள். லேசான சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, ஒயர்மேனைக் கூப்பிட்டு ஸ்க்ரூக்களை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். அதுவரை அந்தச் சாக்கெட்டில் எதையும் செருக வேண்டாம்.