அமெரிக்காவில் தீப் புலனாய்வாளர் ஆக: எங்கே தொடங்குவது?

தீயணைப்பு வீரராக இருந்தால்தான் இந்த வேலைக்கு வர முடியும் என்றில்லை. நான் இன்சூரன்ஸ் க்ளெய்ம் பக்கத்திலிருந்து வந்தவன். எலக்ட்ரிக்கல் இன்ஜினியர்களும் நிறைய வருகிறார்கள். ஒன்று மட்டும்: தனியாருக்காக வேலை செய்வதென்றால் பல மாநிலங்களில் பிரைவேட் இன்வெஸ்டிகேட்டர் லைசென்ஸ் கேட்பார்கள். உங்கள் மாநில விதியை முதலில் பார்த்துவிடுங்கள்.

1. முதலில் படிக்க வேண்டியவை இரண்டு. என்எஃப்பிஏ (அமெரிக்காவின் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) வெளியிடும் 1033 என்ற தரநிலை, ஒரு புலனாய்வாளருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. அதே அமைப்பின் 921 என்ற வழிகாட்டி நூல், வேலையை எப்படிச் செய்வது என்று சொல்கிறது. சிறியது 1033, அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டையும் என்எஃப்பிஏ தளத்தில் பதிவு செய்துகொண்டு இலவசமாகப் படிக்கலாம், பிரின்ட் எடுக்க முடியாது. 921-ஐ மட்டும் காசு கொடுத்துப் புத்தகமாக வாங்குங்கள். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் கையிலும் அதுதான் இருக்கும்.

2. சிஎஃப்ஐ ட்ரெய்னர் என்ற தீப் புலனாய்வுப் பயிற்சித் தளத்தில் இலவசப் பாடங்கள் இருக்கின்றன. முடித்த அன்றே சான்றிதழை, மணிக்கணக்கோடு சேமித்து வையுங்கள். பின்னால் ஐஏஏஐ என்ற சர்வதேசத் தீப் புலனாய்வாளர் அமைப்பின் சிஎஃப்ஐ (சான்றளிக்கப்பட்ட தீப் புலனாய்வாளர்) தகுதிக்கு விண்ணப்பிக்கும்போது கல்வி, பயிற்சி, அனுபவம் மூன்றுக்கும் புள்ளிகள் கணக்கிடுவார்கள். அதற்குமேல் தேர்வும் உண்டு.

3. தீ எங்கே தொடங்கியது? பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆழமாகக் கருகிய இடமே தொடங்கிய இடம் என்று மனது சொல்லும். அறையில் உள்ள எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் ஃப்ளாஷ்ஓவர் நடந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. அதன் பிறகு காற்று வரும் இடத்தில்தான் தீ மூர்க்கமாக எரியும். வாசலுக்கு எதிர்ச்சுவரில்கூட அழகான 'வி' வடிவக் கரி விழும். 2005-இல் லாஸ் வேகஸில் இரண்டு அறைகளை எரித்து, எந்தக் கால்பகுதியில் தீ தொடங்கியது என்று 53 புலனாய்வாளர்களிடம் கேட்டார்கள். ஒவ்வோர் அறைக்கும் 3 பேர்தான் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கை காட்டியிருந்தாலே சுமார் 13 பேர் தேறியிருப்பார்கள்!

அதனால் கரியைப் பார்ப்பதற்கு முன்பே அறையின் படத்தை வரைந்து, எந்தக் கதவு, எந்த ஜன்னல், எப்போது திறந்தது அல்லது உடைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வந்த தீயணைப்பு வீரரிடம் கேட்டால் பாதி தெரிந்துவிடும். கண்ணாடியில் சிலந்திவலை போன்ற விரிசல் கண்டால் பெட்ரோல் ஊற்றியதாகச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். சூடான கண்ணாடியில் தண்ணீர் பட்டாலே அப்படி விரியும்.

4. தடயம் எடுக்கப் புதிய பெயின்ட் டப்பா, மூடியோடு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். ஆய்வகத்தில் சோதிக்க, டப்பாவுக்குள் மேற்பகுதியில் ஆவி நிற்க இடம் வேண்டும். ஒவ்வொரு மாதிரிக்கும் கையுறையை மாற்றுங்கள். கார்ப்பெட்டில் மாதிரி எடுத்தால், அதே கார்ப்பெட்டில் சந்தேகமில்லாத மூலையிலிருந்தும் ஒப்பிட ஒரு துண்டு எடுங்கள். தோண்டுவதற்குப் பெரிய மண்வெட்டியைவிடக் கொத்தனார் கரண்டிதான் என் கட்சி. புகை அடங்கிவிட்டதே என்று மாஸ்க்கைக் கழற்ற வேண்டாம்.

5. புதியவர்கள் ஐஏஏஐ-யின் எஃப்ஐடி (தீப் புலனாய்வு டெக்னீஷியன்) என்ற தொடக்கநிலைத் தகுதியில் தொடங்கலாம். என்ஏஎஃப்ஐ (தேசியத் தீப் புலனாய்வாளர் சங்கம்) தரும் சிஎஃப்இஐ சான்றிதழ் இன்னொரு வழி. நான் சிஎஃப்ஐ பக்கம்தான். 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால் படிப்பு நிற்காது.

பின்சேர்க்கை: "வயரிங் சரி, கேஸ் இல்லை, சிகரெட் இல்லை, அப்படியானால் யாரோ கொளுத்தியதுதானே?" என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். இல்லை. இப்படிக் கழித்துக் கழித்து, சான்றில்லாத ஒன்றை முடிவாகச் சொல்வதை 921 தன் 2011 பதிப்பிலேயே நிராகரித்துவிட்டது. அறிக்கையில் 'காரணம் தீர்மானிக்க இயலவில்லை' என்று எழுதுங்கள். கம்பெனி மேனேஜர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

சென்னையிலிருந்து படிக்க முடியுமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார்: சிஎஃப்ஐ ட்ரெய்னர் பாடங்களை அங்கிருந்தே படிக்கலாம்.